அமாவாசை மாத்திரை

நான் எழுதிய முதல் அறிக்கையில் எண்ணிக்கை சரி, எழுத்து சரி, அட்டவணைக்கு அடித்த கோடுகூட நேராகத்தான் இருந்தது. முடிவு மட்டும் தப்பு. அந்தத் தப்பால் ஆரணியில் ஒரு நெசவாளி தன் தறியையே இழக்கப் பார்த்தார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் எம்.பார்ம். படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஃபெல்லோஷிப் கிடைத்திருந்தது. தெள்ளார் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த என் அப்பாவுக்கு அதைப் புரியவைக்க ஒரு லீவு முழுக்கச் செலவானது. "படிக்கிறதுக்கு அவங்களே பணம் குடுக்குறாங்களா? அப்ப அதுல எதனா வில்லங்கம் இருக்கும், பாத்துக்க" என்றார். வில்லங்கம் இருக்கத்தான் செய்தது. கடைசி ஆறு மாதம் சின்ன ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். டாக்டருக்குப் படிப்பவர்கள் வார்டிலேயே கிடந்து தொழில் கற்றுக்கொள்கிற மாதிரி மருந்துக்குப் படிப்பவர்களும் நோயாளிகள் நடுவே கிடந்து கற்க வேண்டும் என்பது எங்கள் பேராசிரியரின் பிடிவாதம். அப்போது அது யாரும் கேள்விப்படாத சங்கதி. சக மாணவர்கள் மாத்திரை அழுத்தும் கம்பெனிகளுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆரணிக்கு பஸ் ஏறினேன்.

அங்கே பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு தர்ம ஆஸ்பத்திரி நடத்தி வந்தார்கள். இப்போது அது இல்லை. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ்கள், ஒரு மருந்தாளுநர், அவ்வளவுதான். மருந்தாளுநர் என்ற சொல்லைப் பலகையில் எழுதியவரைத் தவிர வேறு யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் கம்பவுண்டர். ஒரு பட்டம் முடித்து அடுத்ததற்குப் படித்துக்கொண்டிருந்த நான் முதல் நாளே கம்பவுண்டரம்மா ஆகிவிட்டேன். கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

கம்பவுண்டர் வேலூர்க்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வட்டத் தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, தட்டையான கத்தியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவார். பேச்சுக் கொடுத்தாலும் எண்ணிக்கை தவறாது. நான் கொண்டுபோயிருந்த பேராசிரியரின் கடிதத்தைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பெரிய படிப்பு மேடம். நமக்கு எண்ணத்தான் தெரியும். நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

"பேஷண்ட்ஸ்கிட்ட பேசப் போறேன் சார்."

"பேசுங்க, பேசுங்க. ஆனா ஜல்தியா பேசுங்க. கியூ ரோட்டுக்குப் போயிடும்."

கிண்டல்தான். ஆனால் பதினொரு மணிக்குத் தேநீர் வந்தபோது, தன் தம்ளரில் பாதியை இன்னொரு தம்ளரில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். அது தினசரி வழக்கமானது. கிண்டலும் தேநீரும் சரிபாதி.

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேஜை போட்டார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள், அதாவது வலிப்பு, ரத்தக் கொதிப்பு, காசநோய் உள்ளவர்கள், பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வருவார்கள். எதை எப்போது சாப்பிடுவது என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் வரும்போது மிச்ச மாத்திரைகளையும் எடுத்து வரச் சொல்லி, எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு, நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒரு அறிக்கை பேராசிரியருக்கு. அதன் நகல் ஆஸ்பத்திரிச் செயலாளருக்கு.

'மருந்து வேளையை அவர்கள் தினமும் மறக்காமல் செய்யும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டுவிடு' என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆரணியில் மறக்காமல் செய்யும் காரியம் எது என்று யோசிக்க எனக்கு ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. நெசவுத் தெருக்களில் விடிவதற்குள் தறிச் சத்தம் ஆரம்பித்துவிடும். வீட்டுக்குள் தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறிகள். காலையில் தறிக்கு இறங்குவார்கள், மத்தியானம் ஏறுவார்கள், மறுபடி இறங்கி, விளக்கு வைத்ததும் துணி போட்டு மூடுவார்கள். கரும்புக் கொல்லையையும் நெல் வயலையும் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்குத் தறியைப் பற்றி ஒரு வாரத்தில் தெரிந்தது இவ்வளவுதான். இவ்வளவு தெரிந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றியது.

ஆகவே கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு வழக்கம்போல 'சாப்பாட்டுக்கு அப்புறம்' என்றேன். நெசவாளிகளுக்கு மட்டும் என் புதுப் பாடம். "காலைல தறிக்கு எறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. மத்தியானம் தறியிலேர்ந்து ஏறுனதும் ஒண்ணு. சாயங்காலம் தறிய மூடுனதும் ஒண்ணு."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எண்ணிக்கொண்டிருந்த கம்பவுண்டரின் கத்தி நின்றது. "சாப்பாட்டுக்கு அப்புறம்னு ஒரே வார்த்தையில முடியறத எதுக்கு மேடம் இவ்ளோ நீட்டுறீங்க?"

"சாப்பாட்ட மறந்தாலும் மறப்பாங்க சார். தறிய மறக்க மாட்டாங்க."

கத்தி மறுபடி ஐந்து ஐந்தாகத் தள்ள ஆரம்பித்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாடத்தை என்னிடம் முதலில் கேட்டுக்கொண்டவர்களில் ஒரு நெசவாளியும் அவர் மனைவியும் உண்டு. அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது. வலிப்பு நோய். தினம் மூன்று மாத்திரை, மாதத்துக்குத் தொண்ணூறு. ஒரு வருஷத்துக்கும் மேலாக வலிப்பு வரவில்லை. வராததால்தான் அவரை நம்பி முதலாளி மறுபடி பாவு கொடுக்க ஆரம்பித்திருந்தார். பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஏற்றும் பட்டு நூல். முதலாளி பாவு கொடுத்தால் தறி ஓடும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். அந்த வீட்டில் இருந்தது ஒரே தறி. நான் சொன்ன மூன்று வேளையையும் அவர் பள்ளிக்கூடப் பிள்ளையாகத் திருப்பிச் சொன்னார். மனைவி பக்கத்தில் நின்று விரலில் எண்ணிக்கொண்டார்.

ஆடி மாதக் கடைசியில் முதல் எண்ணிக்கை. டப்பாக்கள் வந்தன. பவுடர் டப்பா, வெற்றிலைப் பெட்டி, முந்தானை முடிச்சு. ஆரணியை அடுத்த சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்து ஆட்களின் மிச்சம் தாறுமாறாக இருந்தது. ஒருவருக்கு ஏழு, ஒருவருக்கு ஒன்றுமில்லை, ஒரு பாட்டி யாருடையதையோ எடுத்து வந்திருந்தார். ஆனால் நெசவுத் தெருக்காரர்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி மிச்சம், சரியாக ஒரு நாள் மாத்திரை. தினம் ஒன்று சாப்பிடுகிறவரிடம் ஒன்று. மூன்று சாப்பிடுகிற நம் நெசவாளியிடம் மூன்று.

"எந்த நாளாவது தப்பிப் போச்சா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

"இல்லீங்க. ஒரு நாள்கூட தப்பாம போட்டுகினு வர்றேன்" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனந்தத்தில்தான். ஏதோ கண்டுபிடிக்கப் போகிறேன் என்று. ஒருவர் இருவர் என்றால் மறதி. தெருவே ஒரே கணக்கில் மிச்சம் வைக்கிறது என்றால் தப்பு தெருவில் இல்லை, மாத்திரை எண்ணிக் கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. கம்பவுண்டர் சார் உள்ளூர் முகங்களுக்கு ஒரு நாள் மாத்திரையைக் கூடுதலாகப் போட்டு அனுப்புகிறார். அப்படியே எழுதினேன். 'காய்கறிக் கடையில் கொசுறு போடும் பழக்கம் மருந்து வழங்கும் இடத்திலும் காணப்படுகிறது' என்ற வாக்கியத்தை இரண்டு தடவை படித்து ரசித்த பிறகுதான் உறையை ஒட்டினேன்.

நகலைப் படித்த செயலாளர் மறு வாரமே உத்தரவு போட்டார். இனிமேல் ஒவ்வொரு பொட்டலத்தையும் கம்பவுண்டர் எண்ணிய பிறகு நர்ஸ் ஒருவர் மறுபடி எண்ண வேண்டும். இருபது வருஷமாக எண்ணியவருக்கு எப்படி இருந்திருக்கும். அன்று அவர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"இன்னா மேடம், நான் கீரையா விக்கிறேன், கொசுறு போட?"

"நம்பர்ஸ் அப்படி காட்டுது சார்."

"காட்டும், காட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பதினொரு மணித் தேநீர் எனக்குத் தனித் தம்ளரில், கடையிலிருந்தே தனியாக வந்தது. நர்ஸ் மறு எண்ணிக்கை எடுத்து முடித்ததும் அவர் என் பக்கம் பார்த்து உரக்க "தொண்ணூறு" என்பார். ஒரு நாளைக்கு எத்தனை தொண்ணூறு கேட்டேனோ.

இதற்கு நடுவே அந்த நெசவாளிக்கு வலிப்பு வந்தது. ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை, நெய்துகொண்டிருந்தவர் அப்படியே பாவு மேல் சாய்ந்துவிட்டார். நூல்கள் அறுந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டதில் பாதி நெய்த சேலையில் ரத்தம். டாக்டர், ஒரு தடவைதானே, பார்க்கலாம் என்றார். ஆவணி அமாவாசைக்கு மறுநாள் மறுபடி வந்தது. அதே தறி, அதே நேரம்.

அவர் மனைவி என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அழாமல் சொன்னார். "மொதலாளி வந்து பாத்துட்டுப் போனாருங்க. தறியில இருக்கறத தீபாவளிக்குள்ள முடிச்சுக் குடு. இன்னொரு தபா வலிப்பு வந்துதுன்னா பாவு கெடையாது, வேற வேல பாத்துக்கோன்னுட்டாரு. இவருக்கு வேற வேல ஒண்ணும் தெரியாதுங்களே."

"நான் டாக்டர்கிட்ட பேசுறேங்க்கா."

"எங்க தெருவுல இது அமாவாச வலிப்பு, மருந்துக்கு நிக்காது, மந்திரிச்சுகினு வாங்கன்றாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அமாவாசைக்கும் மூளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஒரு பிரசங்கம் செய்தேன். படிப்பை நம்புங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிரசங்கம் செய்தவளுக்கு இரண்டு வலிப்பும் அமாவாசையை ஒட்டித்தானே வந்திருக்கிறது, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மூடநம்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யோசிக்க வேண்டியதில்லை பாருங்கள்.

ஆவணி மாத மிச்சத்தை எண்ணும்போதுதான் எனக்கு முதல் அடி விழுந்தது. கம்பவுண்டர் எண்ணி, நர்ஸ் மறுபடி எண்ணி, இரண்டு கையெழுத்தோடு போன தொண்ணூறு. திரும்பி வந்த மிச்சம் மூன்று. தெரு முழுக்க அதே கதை, ஒவ்வொருவரிடமும் ஒரு நாள் மாத்திரை. கொசுறு எங்கிருந்து வந்தது? என் முடிவுக்குக் கால் உடைந்தது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. நர்ஸுக்கும் எண்ணத் தெரியவில்லையோ என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். அவ்வளவு திமிர்.

புரட்டாசி அமாவாசை அன்று ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லை. மத்தியானம் நோட்டை எடுத்துக்கொண்டு அந்த நெசவாளி வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். மறுநாள் மறுபடி வலிப்பு வந்துவிடுமோ என்ற பயமும் உள்ளே இருந்தது. அமாவாசைக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை என்று பேசிய அதே வாயோடுதான் போனேன்.

தெருவுக்குள் நுழைந்து பாதி தூரம் போன பிறகுதான் ஏதோ குறைகிறது என்று பட்டது. சத்தம் இல்லை. எந்த வீட்டிலும் தறி ஓடவில்லை. வாசலில் தலைக்குக் குளித்த பெண்கள் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வெளுத்த வேட்டியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தேடிப்போனவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். அவருக்குப் பின்னால் தறி, மேலே துணி போர்த்தி, ஒரு முழம் பூ வைத்து, சும்மா இருந்தது.

"ஏன் அண்ணா, இன்னிக்கு தறி இல்லியா?"

"அமாவாசைங்களே" என்றார். இதுகூடத் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை, முகம் கேட்டது. "அமாவாசைல தறிக்கு லீவுங்க. ஆரணியில யாரும் நெய்ய மாட்டாங்க."

என் கையில் இருந்த நோட்டு கனத்தது. மெதுவாகக் கேட்டேன். "மத்தியான மாத்திர போட்டீங்களா?"

"இல்லீங்க."

"காலைல?"

"இல்லீங்களே. தறிக்கு எறங்குறதுக்கு முன்னாடின்னு சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு எங்க எறங்குறது? தறிக்கே லீவுன்னா மாத்திரைக்கும் லீவுதான? இந்தத் தெருவுல உங்ககிட்ட மாத்திர வாங்குறவங்க எல்லாரும் அப்படித்தான் இருக்கோம்."

மாதம் ஒரு நாள், ஒரு தெரு முழுக்க மாத்திரைக்கு லீவு விட்டது நான். ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு ஒரு நாள் போனால் பெரிய ஆபத்து இல்லை. இவர் மாத்திரை அப்படி இல்லை. முழுசாக ஒரு நாள் விட்டால் ரத்தத்தில் மருந்து இறங்கிவிடும். மறுநாள் காலை தறியில் போய் உட்காரும்போது வலிப்பு வருவதற்குக் கேட்பானேன். ஒரு வருஷம் 'சாப்பாட்டுக்கு அப்புறம்' என்ற இரண்டே வார்த்தையில் சுகமாக இருந்த மனிதரை நான் என் புத்திசாலித்தனத்தால் இரண்டு தடவை விழவைத்திருக்கிறேன். அவர் தறிக்கு உலை வைத்தது அமாவாசை இல்லை, நான்தான்.

"ஒரு நாளும் தப்பலன்னு சொன்னீங்களே அண்ணா."

"தப்பலியே. அமாவாச கணக்குல வராதில்ல."

"அப்ப மூணு மாத்திர மிச்சமாச்சே, ஏன்னு நீங்களாவது சொல்லக் கூடாதாக்கா?" என்று அவர் மனைவியைக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த அக்கா கூந்தலை முடிந்துகொண்டே சொன்னார். குரலில் குத்தல் இல்லை. "நீங்க எண்ணுனீங்க. எழுதிக்கினீங்க. கேக்கலியேம்மா."

அன்றைக்கு அந்த வீட்டில் நான் செய்த முதல் உருப்படியான காரியம், ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி அவரை அங்கேயே மாத்திரை போட வைத்ததுதான். தறி மூடியிருக்கிறதே என்று தயங்கினார். தறியை மறந்துவிடுங்கள், நான் சொன்னது தப்பு, என் தப்பு என்று சொன்னேன். சாயங்கால மாத்திரைக்கு மறுபடி போய் நின்றேன். அவரது சினிமா அன்று கெட்டது.

மறுநாள் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் காலையிலேயே அவர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு தறிக்கு இறங்கினார். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"கம்பவுண்டரம்மா, நீங்க இப்படி உத்துப் பாத்துகினே இருந்தா எனக்கு பயத்துலயே வலிப்பு வந்துடும். அந்தாண்ட திரும்பி உக்காருங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அன்று முழுக்கத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஒரு விநாடி நிற்கும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன், அறுந்த இழையை முடிகிறார் என்று தெரிந்த பிறகு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். வலிப்பு வரவில்லை. முதலாளிக்குச் செய்தி போனது. அவர் லேசில் மசிகிற ஆள் இல்லை. அடுத்த அமாவாசையும் தாண்டட்டும், அப்புறம் பாவைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த அமாவாசை தீபாவளிக்கு மறுநாள். தறியில் இருந்த சேலையும் அதற்குள் முடிந்துவிடும்.

இன்னொரு கடனும் பாக்கி இருந்தது. இரண்டாவது அறிக்கையை எழுதிக்கொண்டு போய், மருந்து ஜன்னலுக்கு உள்ளே கம்பவுண்டர் சார் பக்கத்தில் நின்று, அவருக்கும் நர்ஸுக்கும் கேட்கும்படி படித்தேன். முன் அறிக்கையின் முடிவு தவறு. தவறு மருந்தை எண்ணிக் கொடுத்த இடத்தில் இல்லை. சொல்லிக் கொடுத்த இடத்தில் இருக்கிறது. சொல்லிக் கொடுத்தது நான். இந்தத் தவறுக்காகக் கம்பவுண்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படித்து முடிக்கும்வரை அவர் கத்தி ஐந்து ஐந்தாகத் தள்ளிக்கொண்டேயிருந்தது. தொண்ணூறு வந்ததும் நிறுத்தினார்.

"தவறுன்னு ஒரு எடத்துல எழுதுனா போதும்மா. இத்தன தபா எழுதியிருக்கே."

மேடம் போய் அம்மா வந்திருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா?" என்றார் பிறகு, பொட்டலத்தை மடித்துக்கொண்டே. "இருவது வருசமா இந்த ஊர்ல இருக்கேன். அமாவாசைல தறி ஓடாதுன்னு தெரியும். நீ தறியோட மாத்திரய முடிச்சு போடறதயும் காதால கேட்டுகினுதான் இருந்தேன். ரெண்டும் என் மண்டையில சேரலியே. உம்மேல இருந்த கடுப்புல காதோட வுட்டுட்டேன்."

பதினொரு மணிக்குத் தனித் தம்ளர் வந்தது. அதை அவர் வந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டு, தன்னுடையதில் பாதியை எனக்கு ஊற்றினார்.

பேராசிரியர் அனுப்பிய தபால் அட்டையில் ஒரே வரி. இரண்டாவது அறிக்கை முதலாவதைவிட நன்றாக இருக்கிறது, தொடரவும். நான் அதைப் பெட்டியின் அடியில் புடவைகளுக்குள் பத்திரப்படுத்தினேன்.

அடுத்த ஒரு மாதம் ஜன்னலில் அவரும் மேஜையில் நானும் மாறி மாறிப் பாடினோம். தறி ஓடினாலும் மாத்திரை, ஓடாவிட்டாலும் மாத்திரை, அமாவாசை அன்றைக்கும் மாத்திரை. எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டலை நம்பும் பழக்கம் எனக்குப் போய்விட்டிருந்தது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். மறுநாள் வந்தவாசிக்கு முதல் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஆரணிக்குத் திரும்பினேன். பலகாரம்கூட முழுசாகத் தின்னாமல் எந்த ஆஸ்பத்திரி இவளைக் கூப்பிடுகிறது என்று அம்மா பொருமினாள். அதிரசத்தைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது மத்தியானம். நேராக அந்தத் தெருவுக்குப் போனேன். வெடித்த காகிதம் தெருவெல்லாம் சிதறிக் கிடந்தது. தறிகள் மௌனமாக இருந்தன.

திறந்திருந்த கதவு வழியாக அவர் தெரிந்தார். புது வேட்டி, மஞ்சள் தடவிய புதுச் சட்டை. தறி மூடித்தான் இருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். பலகையில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கால் தானாகத் தறியின் மிதிகட்டைகளைத் தேடியது. ஒரு கும்பிடு போட்டார். உடனே எழுந்து மேலே ஏறினார். மனைவி மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினார். வாயில் போட்டு விழுங்கினார்.

"இன்னா அண்ணா இது?"

அவர் கொஞ்சமும் அசடு வழியவில்லை. "நீங்கதான சொன்னீங்க, தறியிலேர்ந்து ஏறுனதும்னு. ஏறணும்னா எறங்கணுமில்ல? காலையிலயும் எறங்கிட்டு வந்தேன். எனக்கு அதான் ஞாபகம் நிக்குது. சாமி கோச்சுக்காது, கைய வெக்கலியே."

"அந்தப் பாடம் தப்புன்னு சொல்லிட்டேனே."

"பாடம் நல்லாத்தான் இருக்குது. அமாவாச மட்டும்தான வுட்டுப் போச்சு, அத நாங்க சேத்துகினோம்" என்றார் அவர் மனைவி. எதிர் வீட்டிலும் ரத்தக் கொதிப்புக்காரப் பெரியவர் ஒருவர், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு குழியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் பேராசிரியர் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. எனக்கு அந்தத் தெருவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதிரசத்தை அங்கேயே பங்கு போட்டுவிட்டேன்.

மறுநாள் வலிப்பு வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு நாள் விடியற்காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தெருவை அடைத்துப் பாவு நீட்டியிருந்தார்கள். அரக்குச் சிவப்புப் பட்டு. ஒரு முனையில் முதலாளி வீட்டு ஆள், மறு முனையில் அவர், நடுவில் அவர் மனைவி இழைகளைத் தடவிச் சரிபார்த்துக்கொண்டு. "பாத்து, மேல படாம அப்படி ஓரமா போங்க" என்றார் என்னைப் பார்த்து. சுவரோடு ஒட்டி நடந்து போனேன். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சாரிடம் சொன்னபோது அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு, "குடுத்துட்டாரா" என்று மட்டும் கேட்டார். எண்ணிக்கை தவறிப்போய்த் தட்டில் இருந்ததை முதலிலிருந்து எண்ணினார். அவர் தவறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பயிற்சி முடிவதற்கு முன்னால் கடைசி எண்ணிக்கை. அந்தத் தம்பதி வந்து பவுடர் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார்கள். ஒன்றும் விழவில்லை. முப்பது நாள், தொண்ணூறு மாத்திரை, மிச்சம் இல்லை. நோட்டில் சைபர் போட்டேன். பேனாவை மூடப் போனவள், மறுபடி திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"மிச்சமே இல்லியே அண்ணா, எப்படி?"

அவர் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மூணு மிச்சம் இருந்தப்ப கேக்கல. இப்ப ஒண்ணும் இல்ல, ஏன்னு கேக்கிறீங்க."

கேட்டேன். அவர்கள் நாள் நாளாகச் சொன்னார்கள், நான் எழுதிக்கொண்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கியூ ரோட்டுக்குப் போய்விட்டது. கம்பவுண்டர் சார் ஜல்தி என்று சொல்லவில்லை.